நீண்ட இசையும் நேயர் வானொலியும்

இசையை நீளத்தால் அளக்கலாமா? அளக்கலாகாது என்பர் இசையறிந்தோர். ஆனால் வானொலி அளக்கிறது. வானொலி நிலையத்திற்கு ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணி நேரமே உண்டு. அதில் ஒவ்வொரு நிமிடத்திற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தே, எந்த இசை காற்றில் ஏறும், எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பது முடிவாகிறது. இவ்வுண்மையை அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் நடந்த ஒரு வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருள், 'ஜாம்' இசைக்கென்றே வாரந்தோறும் ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சி.

வரலாறு பயிலும் மாணவன் இசையைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு முறையான இசைப் பயிற்சி இல்லை. விடுதியில் நண்பன் ஒருவன் இருபத்துமூன்று நிமிடம் ஓடும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். "இது எப்போதடா முடியும்?" என்று இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. நானும் உட்கார்ந்து கேட்கலானேன். இவ்வளவு நீண்ட பாட்டை எந்த வானொலி ஒலிபரப்பியிருக்கும் என்ற ஐயம் பிறகு எழுந்தது. அந்த ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

ஜாம் இசை என்பது யாது?

முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளாமல், பல கலைஞர் ஒன்றுகூடி, ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு, அதற்கு மறுமொழியாகத் தாமும் வாசித்துச் செல்வதை மேலைநாட்டு இசைக்கலைஞர்கள் 'ஜாம்' என்பர். ஜாஸ் இசையில் இது பழைய வழக்கம். மின்கித்தாரும் டிரம்ஸும் கொண்ட ராக் இசையில் இதனையே உயிர்நாடியாகக் கொண்ட குழுக்கள் 1960களில் தோன்றின. அவற்றுள் முதன்மையானது 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் குழு. 1965ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள பாலோ ஆல்டோ வட்டாரத்தில் தொடங்கிய இக்குழு, தன் தலைமைக் கித்தார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டு 9ஆம் நாள் இறக்கும்வரை, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தது. நேற்று வாசித்த பாட்டுகளை நேற்று வாசித்த வரிசையிலேயே இன்றும் வாசிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

'டார்க் ஸ்டார்' என்ற அவர்களுடைய பாட்டை எடுத்துக்கொள்வோம். 1968இல் இது சிறிய இசைத்தட்டாக வெளிவந்தபோது அதன் நீளம் மூன்று நிமிடத்திற்கும் குறைவு. அடுத்த ஆண்டு வெளிவந்த 'லைவ் டெட்' என்ற தொகுப்பில் அதே பாட்டு இருபத்துமூன்று நிமிடம். 1972இல் ஐரோப்பியப் பயணத்தின்போது நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் வாசித்தபோது முக்கால் மணி நேரத்தையும் தாண்டியது. பாட்டின் சொற்கள் கூடவில்லை. கூடியது, சொற்களுக்கு முன்னும் பின்னும் நடுவிலும் கலைஞர்கள் மேற்கொண்ட பயணம். அந்தப் பயணத்தின் சுரங்கள் பெரும்பாலும் நம் அரிகாம்போதியின் சுரங்களே. தமிழிசையறிஞர் செம்பாலை என்று சொல்வது. நம் கச்சேரி மேடையில் இராகம் தானம் பல்லவியை ஊன்றிக் கேட்டுப் பழகிய செவிக்கு இந்த நீளம் அச்சம் தராது. ஆனால் இரண்டும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. பல்லவியில் தாளமும் சொல்லும் கட்டிய எல்லைக்குள் ஒருவர் தலைமையில் கற்பனை விரிகிறது. இங்கோ, தலைமை நொடிக்கு நொடி கைமாறும். சில வேளை யாரிடமும் இராது. அப்போது இசை சிதறுவதும் உண்டு. பத்து நிமிடம் வழி தெரியாமல் அலைந்துவிட்டுத் திடீரென்று ஐவரும் ஓரிடத்தில் வந்து சேர்வார்கள். அந்தச் சேர்க்கைக்காகவே அலைச்சலையும் பொறுத்துக் கேட்பவனே இவ்விசையின் நேயன்.

நம் நாட்டோடு இக்குழுவுக்கு உள்ள உறவை இங்கே சொல்லிச் செல்வது பொருத்தம். 1967இல் இரண்டாம் டிரம்ஸ் கலைஞராகச் சேர்ந்த மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். ஏழு, பத்து, பதினொன்று என்று எண்ணிக்கையில் அமைந்த பாட்டுகளை இக்குழு துணிந்து வாசித்தது. பதினொன்றில் அமைந்த பாட்டின் பெயரே 'தி லெவன்'. பின்னர் ஹார்ட் பல நாட்டுத் தாளக் கலைஞர்களைக் கூட்டி 1991இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' என்னும் தொகுப்பில் ஜாகிர் உசேனோடு நம் கடம் வித்துவான் விக்கு விநாயக்ராமும் வாசித்திருக்கிறார். உலக இசைத் தொகுப்புக்கென்று ஏற்படுத்தப்பட்ட கிராமி விருதை முதன்முதலாகப் பெற்றது அத்தொகுப்பே.

மூன்று நிமிடச் சிறை

பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அது கலைஞர் வகுத்த கணக்கு அன்று. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழன்ற பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் கொண்டது ஏறத்தாழ மூன்று நிமிடம். தட்டின் கொள்ளளவு பாட்டின் அளவாயிற்று. 1940களின் கடைசியில் நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்த பிறகும் வானொலி அந்தக் கணக்கை விடவில்லை. ஏனெனில் 1950களில் அமெரிக்க வணிக வானொலிகள் 'டாப் 40' என்னும் முறையைக் கைக்கொண்டன. அதிகம் விற்கும் நாற்பது பாட்டுகளைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்புவது, இடையிடையே விளம்பரம் சொல்வது என்பதே அம்முறை. பாட்டு குறுகினால் விளம்பர இடைவெளி பெருகும். வணிகனுடைய கண்கொண்டு பார்த்தால் இருபத்துமூன்று நிமிடப் பாட்டு என்பது ஆறேழு விளம்பர இடைவெளிகளின் இழப்பு. இதில் அவனைக் குறை சொல்லி என்ன பயன்? நேரத்தை அவன் விலைக்கு விற்கிறான்.

இந்தச் சிறையில் ஒரு சாளரம் 1967இல் திறந்தது. திறந்து வைத்தது, வியப்புக்குரிய வகையில், ஓர் அரசாணை. அந்நாளில் பண்பலை நிலையங்களில் பல, தம் உடன்பிறப்பான மத்திய அலை நிலையத்தின் நிகழ்ச்சியையே அப்படியே மறு ஒலிபரப்புச் செய்துகொண்டிருந்தன. பெரிய நகரங்களில் நேரத்தின் பாதிக்கு மேல் அவ்வாறு செய்யக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் விதித்தது. திடீரென்று பல மணி நேரம் காலியாயிற்று. கேட்போரும் குறைவு, விளம்பரமும் குறைவு. இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் துணிச்சல் பிறக்கும் அல்லவா? டாம் டோனஹ்யூ என்ற அறிவிப்பாளர் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் தமக்குப் பிடித்த நீண்ட இசைத்தட்டுகளை முழுவதுமாக ஒலிபரப்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வேலைநிறுத்தம் ஒன்றின் பின் அவரும் தோழர்களும் கே.எஸ்.ஏ.என். நிலையத்திற்கு மாறினர். கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகள் அந்நிலையத்தின் வழியே நேரடியாகவே ஒலிபரப்பாயின. 1978 டிசம்பர் 31ஆம் நாள் இரவு விண்டர்லாண்ட் என்னும் அரங்கம் மூடப்பட்டபோது நடந்த கச்சேரி, அந்த வானொலியிலும் ஒரு பொதுத் தொலைக்காட்சியிலும் ஒருங்கே ஒலி, ஒளிபரப்பானது. அது விடியும்வரை நீண்டு, வந்திருந்தோருக்குக் காலை உணவு பரிமாறியதோடு முடிந்தது.

இரண்டு ஆண்டு கழியுமுன், 1980 நவம்பரில், கே.எஸ்.ஏ.என். நிலையம் 'கன்ட்ரி' எனப்படும் நாட்டுப்புறப் பாணிப் பாடல் நிலையமாக மாற்றப்பட்டது. பண்பலையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் சேர்ந்த இடத்தில் நேரத்தின் விலையும் ஏறிவிட்டது. சாளரம் மூடிக்கொண்டது.

நேயரே முதலாளி

இதே விரிகுடாப் பகுதியில், பெர்க்லி நகரில், வேறொரு வகை நிலையம் அப்போது முப்பது வயதை எட்டியிருந்தது. அதன் பெயர் கே.பி.எஃப்.ஏ. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த அமைதிவாதியான லூயிஸ் ஹில் என்பவர், 1946இல் பசிபிகா அறக்கட்டளையை நிறுவி, அதன் சார்பில் 1949 ஏப்ரல் 15ஆம் நாள் இந்நிலையத்தைத் தொடங்கினார். விளம்பரம் இல்லை, அரசு நடத்துவதில்லை, பல்கலைக்கழகம் நடத்துவதில்லை. கேட்கின்ற நேயர்களே சந்தா கட்டி நடத்தவேண்டும் என்பது அவர் கொள்கை. ஹில் ஒரு கணக்கும் போட்டார்: நிலையத்தைக் கேட்கக் கூடியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் ஆண்டுக்குப் பத்து டாலர் கொடுத்தால் போதும், நிலையம் நிற்கும்.

இக்கணக்கை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வணிக வானொலிக்கு நூற்றுக்கு நூறு பேரும் வேண்டும்; ஒருவரும் எழுந்து போய்விடக் கூடாது. எனவே யாருக்கும் பிடிக்காமற் போகாத இசையை அது தேடும். ஹில்லின் நிலையத்திற்கு நூற்றில் இருவர் போதும். ஆனால் அந்த இருவரும் பணம் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு அதனை விரும்ப வேண்டும். எனவே சிலருக்கேனும் உயிராக இருக்கும் இசையை அது தேடும். நீண்ட இசைக்கு இந்த இரண்டாவது கணக்கே இடம் தர வல்லது.

கொள்கை எளிது, நடப்பு எளிதாக இருக்கவில்லை. 1949இல் பண்பலையை வாங்கும் வானொலிப் பெட்டியே சிலரிடந்தான் இருந்தது. தொடங்கிய மறு ஆண்டே, 1950இல், பணமில்லாமல் நிலையம் வாய்மூடிற்று. நேயர்கள் கூடிப் பணம் திரட்ட, 1951இல் மீண்டும் பேசத் தொடங்கியது. அதன் ஒலிபரப்பு ஆற்றல் பின்னாளில் 59,000 வாட்டாக வளர்ந்து, 94.1 மெகாஹெர்ட்சில் வட கலிபோர்னியாவின் பெரும்பகுதிக்கு எட்டலாயிற்று.

கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கும் இந்நிலையத்திற்கும் உள்ள தொடர்பு, குழு பிறப்பதற்கும் முந்தியது. 1960களின் தொடக்கத்தில் கே.பி.எஃப்.ஏ.வில் ஊதியமின்றி ஒலிப்பொறியாளராக உதவி வந்த இளைஞர் ஒருவர், ஒரு விருந்தில் இன்னோர் இளைஞர் நாட்டுப்பாடல் பாடக் கேட்டு, அதை ஒலிநாடாவில் பதிந்து, 'மிட்நைட் ஸ்பெஷல்' என்னும் நாட்டுப்பாடல் நிகழ்ச்சியை நடத்திவந்த கெர்ட் கியாரிட்டோ அம்மையாரிடம் கொண்டு போய்க் கொடுத்தார். அம்மையார் கேட்டார், அவ்விளைஞருக்குச் சில பாடல்கள் போதா, ஒரு முழு நிகழ்ச்சியே கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்து அவ்வாறே செய்தார். பதிந்தவர் ஃபில் லெஷ். பாடியவர் ஜெர்ரி கார்சியா. சில ஆண்டுகள் கழித்து முன்னவர் பேஸ் கித்தாரும் பின்னவர் தலைமைக் கித்தாருமாக ஒரே மேடையில் நின்றனர். பெயர் தெரியாத இளைஞன் ஒருவனுக்கு ஒரு முழு நிகழ்ச்சியை எடுத்துக் கொடுக்கும் உரிமை நிகழ்ச்சி நடத்துபவரின் கையில் இருந்த நிலையம் அது. நாற்பது பாட்டுப் பட்டியல் தொங்கும் நிலையத்தில் அம்மையார் அதைச் செய்திருக்க இயலுமா?

ஒலிநாடாக்களின் கதை

கச்சேரி முடிந்தால் இசை போயிற்று. ஆனால் இக்குழுவின் நேயர்கள் அதைப் போகவிடவில்லை. நீண்ட கோலின் நுனியில் ஒலிவாங்கியைக் கட்டி, கூட்டத்தின் நடுவே உயர்த்திப் பிடித்துக் கச்சேரி முழுவதையும் பதிவு செய்தார்கள். தொடக்கத்தில் இது திருட்டுத்தனமாக நடந்தது. நியூயார்க்கில் ஒலிநாடாப் பரிமாற்றத்துக்கென்றே சங்கங்கள் தோன்றின; 1974இல் 'டெட் ரெலிக்ஸ்' என்ற சிற்றிதழே பிறந்தது. குழுவினர் முதலில் கண்டும் காணாமல் இருந்தனர். பின்னர் 1984 அக்டோபரில் பெர்க்லி சமுதாய அரங்கக் கச்சேரி முதலாகப் பதிவு செய்வோருக்கென்று தனி இருக்கைப் பகுதியே ஒதுக்கினர். விதி ஒன்றுதான்: பதிவைப் பரிமாறிக்கொள்ளலாம், விற்கலாகாது.

விற்பனைச் சரக்கை இலவசமாக வழங்கினால் வணிகம் கெடும் என்பது பொது நியதி. இங்கே நேர்மாறாக நடந்தது. ஒலிநாடாவில் கேட்டவன் அடுத்த கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு வாங்கினான். ஏனென்றால் அவன் கையில் இருப்பது நேற்றைய கச்சேரி. நாளைய கச்சேரி வேறாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒரே பாட்டை ஒரே மாதிரி வாசிக்கும் குழுவால் இந்தத் தாராளத்தைக் காட்டியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆயினும் ஒலிநாடாவுக்கு ஒரு நோய் உண்டு. படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும். படியின் படியின் படி கைக்கு வரும்போது பாட்டு மழைக்கு அப்பால் கேட்பது போலிருக்கும். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். இசை உச்சத்தில் இருக்கும்போது பக்கம் முடிந்துபோவதும், புரட்டிப் போடுவதற்குள் அரை நிமிடம் பறிபோவதும் வழக்கமான துயரம். மேடையின் ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரே எடுத்த தூய பதிவுகள் குழுவின் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தன. அவை எல்லாமும் பத்திரமாக இருந்தன என்றும் சொல்வதற்கில்லை. பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்னும் பெண் ஒலிப்பொறியாளர் 1970களில் எடுத்த மிகச் சிறந்த பதிவுகள், வாடகைப் பாக்கிக்காக 1986இல் ஒரு சேமிப்புக் கிடங்கிலிருந்து ஏலம் போயின. நூற்றுக்கணக்கான சுருள்கள் அந்நியர் கைக்குச் சென்றன. ஈரம் பட்டவற்றை ஆர்வலர்கள் பாடுபட்டு மீட்டார்கள். அவர் பதிவு செய்த கச்சேரிகளுள் ஒன்று, 1977 மே 8ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கில் நடந்தது. அதுவே குழுவின் தலைசிறந்த கச்சேரியா என்பதில் நேயர்களிடையே ஓயாத சண்டை உண்டு. ஆனால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய தேசிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2011ஆம் ஆண்டுக்கான தேர்வில் அதனைச் சேர்த்தது. கடையில் விற்பனைக்கு அது முறையாக வந்ததோ 2017இல்தான். நாற்பது ஆண்டு அதனைக் காத்தவை நேயர்களின் கேசட்டுகளே.

வாரம் ஒரு மணி நேரம்

1984இன் இறுதியில் கே.எஃப்.ஓ.ஜி. என்ற சான் பிரான்சிஸ்கோ நிலையம் இக்குழுவுக்கென்று வாரம் ஒரு மணி நேரத்தை ஒதுக்கியது. 1985இல் அந்நிகழ்ச்சியின் பொறுப்பு, இசை எழுத்தாளரும் கித்தார் கலைஞருமான டேவிட் கான்ஸிடம் வந்தது. 'கிரேட்ஃபுல் டெட் அவர்' என்ற பெயரில் அவர் அதனைப் பிற ஊர் நிலையங்களுக்கும் தயாரித்து அனுப்பலானார். வாரந்தோறும் எண்ணிட்டு அனுப்பிய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. கே.எஃப்.ஓ.ஜி. ஒரு வணிக நிலையம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வணிகனும் நீண்ட இசைக்கு இடம் தருவான். குழுவின் சொந்த ஊர், கேட்போர் திரள் பெரிது, வாரத்தில் ஒரு மணி நேரம் என்றால் கணக்கு இடிக்காது. ஆனால் ஒரு மணி நேரத்திற்கு மேல்?

அதற்குக் கே.பி.எஃப்.ஏ. வேண்டியிருந்தது. அங்கே 'டெட் டு தி வேர்ல்ட்' என்னும் நிகழ்ச்சியை நெடுங்காலம் புதன்கிழமை இரவுகளில் கான்ஸும் டிம் லிஞ்சும் நடத்திவந்தனர். கிரேட்ஃபுல் டெட்டோடு நில்லாமல் அதன் வழிவந்தோர், அதற்கு முன்னோடியான நாட்டுப்பாடகர், கலையகத்துக்கே வந்து வாசிப்போர் என்று அதன் எல்லை விரிந்தது. ஆண்டுக்கொரு முறை நாள் முழுவதும் இக்குழுவின் இசையையே ஒலிபரப்பி நிலையத்திற்கு நிதி திரட்டும் மாரத்தானும் நடந்தது. நேயர் வானொலியின் மிகப் பெரிய தொல்லையும் இதுவே: நல்ல இடத்தில் இசையை நிறுத்திவிட்டு, "தொலைபேசியில் அழையுங்கள், சந்தா கட்டுங்கள்" என்று கெஞ்சுவார்கள். எரிச்சல் வரும். எனினும் பற்பசை விளம்பரத்தைக் கேட்பதைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து. எதற்காகப் பணம் கேட்கிறார்களோ அதைத்தான் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இத்தகைய நிகழ்ச்சியை அமைப்பது இசைத்தட்டை எடுத்து வைப்பது போன்ற எளிய செயலன்று. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நழுவுவது இவ்விசையின் இயல்பு. எங்கே தொடங்குவது, எங்கே வெட்டுவது? அமெரிக்கச் சட்டப்படி ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்தை ஒட்டியும் நிலையத்தின் அழைப்புப் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். ஆனால் நிகழ்ச்சியில் இயல்பான இடைவெளி வரும்போது சொன்னால் போதும் என்று அவ்விதியே இடம் தருகிறது. எனவே மணிமுள்ளையும் இசையையும் ஒருங்கே பார்த்து, இயல்பான இடைவெளி பன்னிரண்டை ஒட்டி விழுமாறு கோக்க வேண்டும். இசை முடிந்ததும் நடத்துபவர் நாள், ஊர், அரங்கம் ஆகியவற்றைச் சொல்கிறார். கேட்போருக்கு அது வெறும் குறிப்பு அன்று. ஒரே பாட்டுக்கு நூற்றுக்கணக்கான உருவங்கள் இருக்கும்போது, நாளும் ஊருமே பாட்டின் முழுப்பெயர். கல்வெட்டு படிக்கும் வகுப்பில் ஆட்சியாண்டைத் தேடிப் பழகிய எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

இதே முறையில் அமெரிக்காவின் பல ஊர்களில் கல்லூரி வானொலிகளிலும் சமுதாய வானொலிகளிலும் வாராந்தர ஜாம் நிகழ்ச்சிகள் தோன்றின. 1983இல் வெர்மான்ட் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஃபிஷ் என்னும் குழுவும், 1990களில் எழுந்த பிற குழுக்களும் அவற்றுக்கு மேலும் சரக்களித்தன. ஃபிஷ் 2017இல் நியூயார்க்கில் ஒரே அரங்கில் பதின்மூன்று இரவுகள் வாசித்து, ஒரு பாட்டைக்கூடத் திருப்பி வாசிக்கவில்லை. இதற்கு எந்த 'டாப் 40' பட்டியல் போதும்?

இணையம் வந்த பின்

இன்று இந்நிகழ்ச்சிகள் எதற்கு என்று கேட்கலாம். கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை இணைய ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன, யாரும் கேட்கலாம். 2005இல் அவற்றைத் தரவிறக்கம் செய்யத் தடை வந்து, நேயர்கள் கொதித்தெழுந்தபின், கூட்டத்தில் எடுத்த பதிவுகளுக்கு மட்டும் தடை நீங்கியது. இவ்வளவு பெரிய குவியல் முன் புதியவன் திகைத்து நிற்கிறான். ஒரே கச்சேரிக்கே ஐந்தாறு பதிவுகள். அவற்றைப் பல்லாண்டு கேட்டுத் தேர்ந்த ஒருவர், "இன்றைக்கு இதைக் கேளுங்கள்" என்று எடுத்துத் தருவதற்கு இன்றும் பயன் இருக்கிறது என்பதை என் சொந்த அனுபவத்தில் கண்டேன். குவியலில் நானே மூழ்கித் தேடிய ஒரு மாதத்தில் கிடைத்ததைவிட, பிறர் தொகுத்த நான்கு மணி நேரத்தில் கிடைத்தது அதிகம்.

இணையத்தில் ஒரு விந்தையான விதியும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி காற்றுவழி வானொலி பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு கொடுக்கிறது. ஒலிப்பதிவின் உரிமையாளருக்குக் கொடுப்பதில்லை. அதே நிகழ்ச்சி இணையவழியே சென்றால் ஒலிப்பதிவுக்கும் கொடுக்க வேண்டும். அதோடு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது உரிமத்தின்படி, மூன்று மணி நேரத்துக்குள் ஒரே கலைஞரின் நான்கு பதிவுகளுக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது. ஒரே தொகுப்பிலிருந்து மூன்றுக்கு மேல் கூடாது. ஒரே குழுவுக்கென்று ஏற்பட்ட நிகழ்ச்சிக்கு இது கழுத்தில் சுருக்கு. உரிமையாளர் தனியே இசைவு தந்தாலன்றி அந்நிகழ்ச்சியை இணையத்தில் நடத்த இயலாது. ஒன்றைக் கவனியுங்கள்: சட்டம் எழுதியவர்கள் பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்றே எண்ணி எழுதியிருக்கிறார்கள். ராட்டர்டாமில் வாசித்தது போன்ற நான்கு 'டார்க் ஸ்டார்' போட்டால் அந்த எண்ணிக்கை எல்லையும் மீறப்படாது. மூன்று மணி நேரமும் முடிந்துபோகும்!

நிலையங்களின் கதி என்னவாயிற்று? கே.எஸ்.ஏ.என். மாறியதை முன்பே சொன்னேன். வாரம் ஒரு மணி நேரம் தந்த கே.எஃப்.ஓ.ஜி. 2019 செப்டம்பரில் தன் இசையை நிறுத்திக்கொண்டது. அந்த அலைவரிசையில் விளையாட்டுச் செய்தி நிலையம் ஒன்றின் ஒலி வரலாயிற்று. 1949இல் நூற்றில் இருவரை நம்பித் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. அவ்விரண்டுக்கும் பிறகு நிலைத்தது. சண்டையில்லாமல் நிலைத்தது என்பதற்கில்லை. 1999 சூலையில் அறக்கட்டளை நிருவாகமே ஊழியர்களை வெளியேற்றி நிலையத்தைப் பூட்டியது. ஆயிரக்கணக்கான நேயர்கள் பெர்க்லி வீதிகளில் ஊர்வலம் போன பின்பே கதவு திறந்தது. கடனும் வழக்கும் அறக்கட்டளையை விடாமல் தொடர்ந்தன. நேயரே முதலாளி என்றால் முதலாளிகள் பலர். பலர் கூடினால் பூசல் உண்டு.

சிறிய ஊர்களின் நிலை இதனினும் கடினம். அங்குள்ள பொது வானொலிகளும் சமுதாய வானொலிகளும் பல, 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட பொது ஒலிபரப்புக் கழகத்தின் வழியே கூட்டாட்சி அரசின் உதவித்தொகை பெற்றுவந்தன. 2025 சூலையில் அமெரிக்க நாடாளுமன்றம், ஈராண்டுக்கென ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே அக்கழகம் தன்னை மூடிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. உதவித்தொகையே பெற்றறியாத, 100 வாட் ஆற்றலில் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே எட்டும் குறைதிறன் நிலையங்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து உரிமம் பெற்று வந்துள்ளன. அவற்றில் நிகழ்ச்சி நடத்துவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்கள். பகல் வேலை முடிந்ததும் சொந்தத் தட்டுகளைப் பையில் எடுத்துக்கொண்டு வந்து, ஒலிவாங்கியைத் திறந்து, கச்சேரியின் நாளையும் ஊரையும் சொல்லிவிட்டு, அடுத்த இருபது நிமிடத்திற்குப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.